பன்னிரண்டு வயதில் ஓர் அரசர்: பரோடா பயணக் குறிப்புகள்

வியாழன், கவளாணே

கற்பனை ராஜ்யக் கதைகளில் அரியணைக்கு உரிய சிறுவனைக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஒரு முதியவர் அவனுக்கு வாட்பயிற்சியும் பொறுமையும் கற்றுத் தருவார். அவன் திரும்பி வந்ததும் பகைவன் வீழ்வான், முடிசூட்டு விழா நடக்கும், கதை முடியும். முடிசூடிய மறுநாள் அவன் எந்தக் கோப்பை முதலில் பிரித்தான், அரண்மனைச் சமையற்கட்டின் செலவுக்கு யார் கணக்கு எழுதினார்கள் என்பதையெல்லாம் அந்தக் கதைகள் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தரும் உண்மை வரலாறு ஒன்று 1875க்கும் 1881க்கும் இடையில் பரோடா சமஸ்தானத்தில் நடந்தது. அதை நடத்தியவர் கும்பகோணத்தில் பிறந்த திவான் சர் டி. மாதவராவ். அதன் தடங்களைப் பார்த்து வரவே இந்தப் பயணம்.

மன்மாட் ரயில் நிலையத்தில் இறங்கி, பேருந்தில் மாலேகாவ் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் கவளாணே என்னும் இந்தச் சிற்றூரை அடைந்தேன். நாசிக் மாவட்டத்துக்கே உரிய வெங்காய வயல்கள் சாலையின் இருபுறமும் நெடுந்தூரம் தொடர்கின்றன. 1863ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கேதான் கோபால்ராவ் பிறந்தார். தந்தை காசிராவ், பரோடாவை ஆண்ட கெய்க்வாட் மரபின் தூரத்துக் கிளை ஒன்றைச் சேர்ந்தவர். பெயரில் அரச மரபு இருந்தாலும் வாழ்க்கை உழவர் வாழ்க்கையாகவே இருந்தது. பின்னாளில் மூன்றாம் சயாஜிராவ் என்று அறியப்பட்ட அந்தச் சிறுவருக்கு ஊரைவிட்டுப் புறப்பட்டபோது எழுதப் படிக்கத் தெரியாது.

புறப்பட நேர்ந்த காரணம் ஒரு நஞ்சு வழக்கு. 1874 நவம்பரில் பரோடாவில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்த கர்னல் ஃபெயர், தமது பழச்சாற்றில் யாரோ ஆர்சனிக் கலந்துவிட்டதாகப் புகார் செய்தார். பழி மன்னர் மல்ஹர்ராவ் மீது விழுந்தது. மூன்று ஆங்கிலேயரும் மூன்று இந்தியரும் அடங்கிய விசாரணைக் குழு ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அப்படியிருந்தும் 1875 ஏப்ரலில், தவறான ஆட்சி என்னும் காரணத்தைக் காட்டி அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சென்னைக்கு நாடுகடத்தினார்கள். 1882இல் அங்கேயே அவர் காலமானார். முந்தைய மன்னர் கண்டேராவின் விதவையான மகாராணி ஜம்னாபாய்க்கு ஒரு வாரிசைத் தத்தெடுக்கும் உரிமை வழங்கப்பட்டது. அவர் கெய்க்வாட் கிளைகளில் இருந்த சிறுவர்களை வரவழைத்தார். காசிராவ் தம் புதல்வர்களுடன் பரோடாவுக்குப் புறப்பட்டார்.

எதற்காக வந்திருக்கிறாய் என்று மகாராணி ஒவ்வொரு சிறுவனையும் கேட்டதாகவும், கோபால்ராவ் மட்டும் “ஆள்வதற்காக” என்று தயங்காமல் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. இதை மாலேகாவில் தேநீர்க் கடைக்காரர்கூட எனக்குச் சொன்னார். அழகான கதைதான், ஆனால் அதன்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அரசனாகிவிட்ட ஒருவரின் இளமையைப் பற்றி இத்தகைய கதைகள் தாமாகவே விளைந்துவிடும். அந்தத் துணிச்சலான விடைக்குப் பிறகு ஆறு ஆண்டுகள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது என்பதுதான் என்னை இங்கே இழுத்து வந்தது.

வெள்ளி, வதோதரா

துளே, நவாப்பூர், சூரத் வழியாக நாள் முழுவதும் பேருந்து. கால்நடையாகவே அந்தக் குடும்பம் பரோடா போய்ச் சேர்ந்தது என்பது மரபு. இந்தச் சாலையின் நீளத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிறுவர்களின் கால்களை நினைத்துக்கொண்டேன். மாலையில் வதோதரா வந்து சேர்ந்தேன். பேச்சில் இன்னும் பலர் பரோடா என்றே சொல்கிறார்கள். பட்டம் விடும் திருநாளான உத்தராயணம் நெருங்கிவிட்டதால் பழைய நகரத்தின் தெருக்களில் பட்ட நூலுக்கு இளஞ்சிவப்புச் சாயமும் கண்ணாடித் தூளும் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நடந்து போகிறவர் நூலுக்குக் கீழே குனிந்துதான் போக வேண்டும்.

சனி, மாண்ட்வி

நான்கு வாயில்களிலிருந்து வரும் சாலைகள் சந்திக்கும் மாண்ட்வி மண்டபத்துக்கு அருகில்தான் பழைய அரண்மனையான சர்க்கார்வாடா இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது. பக்கத்தில் இருந்த நஜர்பாக் அரண்மனை இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். 1875 மே 27ஆம் தேதி தத்தெடுப்பு நடந்தது. ஜூன் 16ஆம் தேதி கோபால்ராவ், சயாஜிராவ் என்னும் பெயருடன் கத்தியில் அமர்ந்தார். இங்கே அரியணையைக் கத்தி என்றுதான் சொல்கிறார்கள்; அது தலையணை போட்ட மெத்தை. பன்னிரண்டு வயதுச் சிறுவர் அதில் அமர்ந்தார், ஆட்சி திவானிடம் இருந்தது.

மாதவராவ் இந்த வேலைக்குப் புதியவர் அல்லர். 1828இல் பிறந்து, சென்னையில் பவல் என்னும் ஆசிரியரிடம் கணிதம் கற்று, 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியராகச் சென்றவர். அந்த மாணவர்களில் ஒருவரான ஆயில்யம் திருநாள் அரசரானபோது அவருக்கே திவானாக இருந்து, வரிகளையும் நீதிமன்றங்களையும் பள்ளிகளையும் திருத்தியமைத்தார். கடைசியில் அதே மாணவருடன் மனக்கசப்பு ஏற்பட்டு 1872இல் விலகினார். பிறகு சிறிது காலம் இந்தூர். பரோடாவுக்கு வந்தபோது, ஒரு வாரிசைப் பயிற்றுவதில் எது பலிக்கும் என்பதோடு, பலித்த பின்னும் ஆசிரியருக்கு என்ன நேரும் என்பதையும் அறிந்தவராகவே வந்திருப்பார். இன்னொரு வசதியும் அவருக்கு இருந்தது. தஞ்சை மராட்டிய மரபைச் சேர்ந்த குடும்பம் என்பதால், காவிரிக் கரையில் பிறந்தும் மராத்தி அவருக்கு வீட்டுமொழி. பரோடா அரசவையின் மொழியும் அதுதான்.

முதலில் அவர் கைவைத்தது பையனின் பாடத்தில் அன்று, கஜானாவில். முந்தைய ஆட்சி விட்டுச் சென்ற கடன்கள், வட்டிக்கடைக்காரர்களின் உரிமைக் கோரிக்கைகள், சர்தார்களின் மானியங்கள், நிலவரியை ஏலத்தில் எடுத்துக் குடிமக்களைக் கசக்கிய குத்தகைக்காரர்கள் ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தார். நீதிமன்றங்களையும் காவல்துறையையும் புதிதாக அமைத்தார், பள்ளிகளைத் திறந்தார். இந்தத் தெருவில் நின்றுகொண்டு யோசித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: மாதவராவ் பயிற்றுவித்தது ஒரு சிறுவரை மட்டும் அன்று, அவரைச் சுற்றியிருந்த அரண்மனையையும்தான். புகழ்மொழியும் வதந்தியும் சலுகையும் அன்றாட உணவாக இருக்கும் ஒரு மாளிகைக்குள் எவ்வளவு நல்ல பாடம் சொன்னாலும் அது மாலைக்குள் கரைந்துவிடும். சிறுவர் வளர வளர, அவர் ஆளவேண்டிய அரசும் ஒழுங்குக்குள் வந்துகொண்டிருந்தது. ஆட்சி அவர் கைக்கு வந்தபோது, பாடத்தில் கேட்டதும் கண்ணால் பார்த்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

அன்றாடப் பாடங்களுக்கு எஃப். ஏ. எச். எலியட் என்னும் ஆங்கிலேய சிவில் சர்வீஸ் அதிகாரி 1875 இறுதியில் பொறுப்பேற்றார். மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் என ஒரே நேரத்தில் நான்கு மொழிகள். கணக்கு, வரலாறு, புவியியல். அவற்றோடு குதிரையேற்றமும் குஸ்தியும். தனியே படித்தால் பையன் சலித்துப்போவான் என்றோ என்னவோ, உடன்பிறந்தவரையும் வேறு சில சிறுவர்களையும் சேர்த்து ஒரு சிறிய பள்ளியாகவே நடத்தினார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் முன்பே மேடையும் வந்துவிட்டது: 1875 நவம்பரில் வேல்ஸ் இளவரசர் பரோடாவுக்கு வந்தபோது, கத்தியில் அமர்ந்து ஐந்து மாதங்களே ஆகியிருந்த அந்தச் சிறுவர்தான் அவரை வரவேற்றார். 1877 டெல்லி தர்பாருக்கும் போக வேண்டியிருந்தது.

மதியம் சேவ் உசல் சாப்பிட்டுவிட்டு, அருகில் உள்ள மத்திய நூலகத்துக்குச் சென்றேன். 1910இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலக வல்லுநரை வரவழைத்துச் சயாஜிராவ் தொடங்கிய நூலக இயக்கத்தின் தலைமையகம் இது. எஃகு அலமாரிகளுக்கு இடையே தளம் கண்ணாடியால் ஆனது. மேல்மாடி விளக்கின் ஒளி கீழ்த்தளம் வரை இறங்குகிறது. எழுதப் படிக்கத் தெரியாமல் இந்நகருக்கு வந்தவர் கிராமங்கள்தோறும் புத்தகப் பெட்டிகளை அனுப்பினார் என்பதை இங்கே நின்று நினைக்கும்போது வியப்பு வருகிறது.

சனி, இரவு

கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த ‘மைனர் ஹிண்ட்ஸ்’ தொகுப்பை அறையில் படித்துக்கொண்டிருக்கிறேன். சயாஜிராவ் ஆட்சிப் பொறுப்பை ஏற்கவிருந்த 1881ஆம் ஆண்டில், மாதவராவ் தம் மாணவருக்கு நிகழ்த்திய சொற்பொழிவுகள் அவை. அதே காலத்தில் வருவாய், சட்டம் போன்ற துறைகளின் தலைமை அதிகாரிகளும் தத்தம் துறை எப்படி இயங்குகிறது என்பதை இளவரசருக்கு நேரில் விளக்கினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நாளைக்குத் தன் கையொப்பத்துக்குக் கோப்பு அனுப்பப்போகிறவரிடமே இன்று மாணவராக உட்கார்ந்து கேட்பது இருதரப்புக்கும் நல்லது.

சொற்பொழிவுகளில் வீரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். மக்களின் நலமே ஆட்சியின் முதல் நோக்கம் என்று தொடங்கி, பெரும்பாலும் அரசர் எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றியே பேசுகிறார். நீதிமன்றத்தின் தீர்ப்பில் தலையிடக்கூடாது. அரசின் பணத்தையும் அரண்மனைச் செலவையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. அந்தரங்கமாகக் காதில் ஓதுகிறவரின் பேச்சை நம்பி உத்தரவு போடக்கூடாது. உறவினர் என்பதற்காகப் பதவி தரக்கூடாது. விண்ணப்பம் வந்தால் உரிய துறை வழியாக வரச் செய்ய வேண்டும், வந்ததைத் தேக்கி வைக்கக்கூடாது. ஆங்கிலேய அரசுடன் உடன்படிக்கைகள் என்ன சொல்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு மரியாதையுடன் பழக வேண்டும். இடித்துரைக்கும் அமைச்சர் இல்லாத மன்னன் தானே கெடுவான் என்று நம் முன்னோர் சொன்னதைத்தான் ஒரு திவான் அலுவலக நடைமுறையாக மாற்றி எழுதியிருக்கிறார்.

வரம்பில்லாத அதிகாரம் கைக்கு வரப்போகும் பதினெட்டு வயது இளைஞரிடம், அந்த அதிகாரத்தைத் தாமாகவே சுருக்கிக்கொள்ளும்படி ஒருவர் வாதாடுகிறார். சட்டப்படி அவரைத் தடுக்க யாரும் இல்லை. ரெசிடெண்ட் ஒருவரைத் தவிர. அந்த ரெசிடெண்டின் நிழல் இந்தப் பாடங்கள் முழுவதிலும் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒழுங்கு தவறினால் மல்ஹர்ராவுக்கு நேர்ந்தது நேரும் என்பதைத் திவான் உரக்கச் சொல்லத் தேவையே இல்லை, அந்த இளைஞர் அமர்ந்திருந்த கத்தியே அப்படிக் காலியானதுதானே. மாதவராவ் ஆங்கிலேயரின் ஆள் என்னும் குற்றச்சாட்டும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. இருந்தாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட அரசரை ஆங்கிலேய அரசின் தலைநகரான கல்கத்தாவிலிருந்து அசைப்பது கடினம் என்பதையும் அவர் கணக்கிட்டிருந்தார் என்றே நான் படிக்கிறேன்.

ஞாயிறு, லட்சுமி விலாஸ்

இன்று கூட்டம் அதிகம். லட்சுமி விலாஸ் அரண்மனையை மேஜர் சார்லஸ் மான்ட் வடிவமைத்தார். கட்டடம் சரிந்துவிடும் என்னும் அச்சத்தில் அவர் 1881இல் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். 1890இல் முடித்து வைத்தவர் ராபர்ட் சிஷோம். நம் சென்னையில் செனட் மாளிகையைக் கட்டிய அதே சிஷோம்தான். குவிமாடங்களைப் பார்த்ததும் மெரினா கடற்கரைச் சாலை நினைவுக்கு வராமல் இருக்காது.

அரண்மனைக்குப் பெயர் தந்தவர் தஞ்சாவூர்ப் பெண். 1880 ஜனவரியில், படிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, சயாஜிராவுக்குத் தஞ்சையைச் சேர்ந்த லட்சுமிபாயைத் திருமணம் செய்து வைத்தார்கள். இங்கே சிம்னாபாய் என்னும் பெயர் பெற்ற அவர் 1885இலேயே காலமானார். அவருடன் தஞ்சையிலிருந்து வந்த கௌரா, காந்திமதி என்னும் நடனமணிகளின் கலை பரோடாவிலேயே வேர்விட்டது. அதே காலத்தில் மாதவராவ் மூலமாக ஓவியர் ரவிவர்மாவும் இங்கே அறிமுகமானார். ஒரு சிறுவரைப் படிக்க வைக்க வந்த திவானின் பின்னால் தெற்கின் ஒரு பகுதியே நடந்து வந்துவிட்டதோ என்று வேடிக்கையாகத் தோன்றியது.

ரவிவர்மாவின் ஓவியங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மகாராஜா ஃபதேசிங் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஓவியங்களைவிட அந்தக் கட்டடமே எனக்கு முக்கியமாகப் பட்டது, ஏனென்றால் அது சயாஜிராவ் தம் பிள்ளைகளுக்காகக் கட்டிய பள்ளிக்கூடம். அரண்மனையிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கு வர ஒரு குட்டி ரயில் பாதையே போட்டிருந்தார். கவளாணேயிலிருந்து நடந்து வந்தவரின் பிள்ளைகள் பள்ளிக்கு ரயிலில் போனார்கள்.

அந்தப் பிள்ளைகளின் கதையை இந்த இடத்தில் தவிர்க்க முடியாது. தந்தைக்குக் கிடைக்காத எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன: இளமையிலேயே நல்ல ஆசிரியர்கள், ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு. மூத்தவர் ஃபதேசிங்ராவ் 1908இலும், சிவாஜிராவ் 1919இலும், ஜெய்சிங்ராவ் 1923இலும் தந்தை உயிரோடு இருக்கும்போதே மறைந்தார்கள். 1939இல் சயாஜிராவ் மறைந்தபோது கத்தி பேரனுக்குப் போனது. பாடத்திட்டத்தில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தந்தையின் காலத்தில், மாணவரைவிட வலிமை வாய்ந்த ஒரு திவான் அரண்மனையைக் கட்டுக்குள் வைத்திருந்தார். பிள்ளைகளின் காலத்தில் அரண்மனை என்பது அவர்களுடைய தந்தையே. அவரும் உடல்நலக் குறைவால் 1887 முதல் அடிக்கடி ஐரோப்பா சென்றுகொண்டிருந்தார். மன்னர்கள் இப்படி வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தி 1900இல் வைஸ்ராய் கர்சன் ஒரு சுற்றறிக்கையே அனுப்பும் அளவுக்கு அது போயிற்று.

திங்கள், மக்கர்புரா

காலையில் மக்கர்புரா. கண்டேராவ் கட்டிய கோடை அரண்மனை இப்போது விமானப்படையின் பயிற்சி நிலையமாக இருப்பதால் உள்ளே போக இயலாது. மதில் ஓரமாக நடந்துவிட்டுத் திரும்பினேன். மாலையில் பல்கலைக்கழகம்: சிஷோம் கட்டிய பழைய பரோடா கல்லூரியின் பெருங்குவிமாடத்தின் கீழே மாணவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கல்லூரி தொடங்கியதும் 1881இல்தான்.

செவ்வாய், கீர்த்தி மந்திர்

1881 டிசம்பர் 28ஆம் தேதி சயாஜிராவுக்கு முழு ஆட்சியுரிமை வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1882இல், மாதவராவ் பரோடாவை விட்டுச் சென்றார். ஒரு மாணவர் தம் சொந்தக் காலில் நிற்க விரும்புவதும், ஆறரை ஆண்டுகள் தனியே ஆண்ட திவானுக்கு அது உறுத்துவதும் இயல்பே. திருவிதாங்கூரில் பதினான்கு ஆண்டுகள் திவானாக இருந்த பிறகு வந்த பிரிவு இங்கே சில மாதங்களில் வந்துவிட்டது. மயிலாப்பூரில் 1891இல் காலமாகும் வரை அவர் வேறு எந்தச் சமஸ்தானத்துக்கும் திவானாகப் போகவில்லை. எலியட்டின் நிலை வேறு: நிலஅளவை, வரி நிர்ணயப் பணிகளுக்காக அவரைச் சயாஜிராவ் தொடர்ந்து பரோடாவிலேயே வைத்துக்கொண்டார். பாடம் சொன்ன இருவரில் கட்டளையிடும் பழக்கம் உள்ளவர் போனார், மற்றவர் இருந்தார்.

பாடம் எந்த அளவுக்குப் பலித்தது என்பதற்குச் சயாஜிராவின் செயல்களே சான்று. 1893இல் அம்ரேலியில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதித்துப் பார்த்து, பதின்மூன்று ஆண்டுகள் பொறுத்து, 1906இல் அதைப் பரோடா சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். ஒரு வட்டாரத்தில் தொடங்கி, பலனைக் கண்ட பிறகே சட்டமாக்குவது மாதவராவின் மாணவருக்கே உரிய நிதானம். 1908இல் பரோடா வங்கி, 1913இல் அம்பேத்கர் கொலம்பியா செல்ல உதவித்தொகை. ஆனால் 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் முன் முறைப்படி வணங்கிப் பின்வாங்காமல் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார் என்று எழுந்த பெரும் சர்ச்சைக்கு மாதவராவின் பாடங்களில் இடமே இல்லை. அது அவராகவே கற்றுக்கொண்டது.

கெய்க்வாட் மரபினரின் நினைவாக எழுப்பப்பட்ட கீர்த்தி மந்திரின் சுவர்களில் நந்தலால் போஸ் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. மகாபாரதப் போர்க்களத்தை ஒரு சுவர் முழுவதும் வரைந்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காவலர், சயாஜிராவுக்குப் பிறகு வந்த பேரன் பிரதாப்சிங் பற்றிப் பேச்செடுத்தார். 1949இல் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர்தான். 1951இல் இந்திய அரசு அவரைப் பதவியிலிருந்து இறக்கி, அவருடைய மகனை அந்த இடத்தில் அமர்த்தியது. மல்ஹர்ராவ் இறக்கப்பட்டு எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறோர் அரசு அதே கத்தியில் கைவைத்தது.

இங்கே வர நினைப்பவர்கள் ஃபதேசிங் அருங்காட்சியகம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளவும். சென்னைக்கு நேராகப் போகும் நவஜீவன் விரைவு ரயில் வதோதராவில் நிற்கிறது. இன்று அதில்தான் திரும்புகிறேன்.